இங்கேயே வைத்துப் படிக்க மட்டும்

எனக்குக் கோபம் வந்தால் கை முந்திக்கொள்ளும், புத்தி பிறகுதான் வந்து சேரும். பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒரு சரஸ்வதி பூஜையன்று என் கை முந்திக்கொண்டதில் ஒரு பெண்ணின் வேலை போகப் பார்த்தது. அவள் எனக்கு உறவில்லை, என் மொழிகூடத் தெரியாத மலாய்க்காரி. எங்கள் தீவில், ஜார்ஜ் டவுனில் ஒரு பொது நூலகத்தின் முகப்பு மேசையில் உட்கார்ந்திருப்பவள்.

முதலில் என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலைகள் புதிதாக வந்த காலத்தில், கல்யாணத்துக்கு முன்பு, அம்மா அங்கே வேலை பார்த்தாள். நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு தலைமுடியைவிட மெல்லிய கம்பியை ஒட்டும் வேலை. அதைப் பற்றி அதிகம் பேசமாட்டாள். ஒன்றை மட்டும் எப்போதாவது சொல்வாள்.

"கோலாலம்பூர்லேருந்து யூனிவர்சிட்டியில படிக்கிற பொண்ணு ஒருத்தி வந்தா. எங்கள ஒவ்வொருத்தரா உக்கார வெச்சுக் கேட்டா, நாங்க சொன்னத எழுதிக்கிட்டா. நான் என்னா சொன்னேன்னு இப்ப ஞாபகமே இல்ல லா."

அம்மா படித்தது ஆங்கிலப் பள்ளியில். தமிழில் வாய் கிழியப் பேசுவாள், ஆனால் ஓர் எழுத்துப் படிக்கத் தெரியாது. அந்தக் குறையை வைத்துக்கொண்டுதான் என்னைத் தமிழ்ப் பள்ளியில் சேர்த்தாள். நான் வளர்ந்து அதே பாயான் லெப்பாஸில் இன்னொரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு வேலைக்குப் போனேன். பிறர் செய்து முடித்ததில் குறை கண்டுபிடிப்பதற்கு எனக்குச் சம்பளம். அதையே வீட்டில் சம்பளமில்லாமல் செய்கிறேன் என்பார் என் கணவர்.

அம்மா போய் மூன்று வருடம் கழித்து, ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் இணையப் பட்டியலில் அந்த ஆய்வேடு என் கண்ணில் பட்டது. தமிழில் தட்டச்சு செய்த மாணவர் ஆய்வேடு. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைப் பெண்களோடு நேர்காணல்கள். வருடமும் ஒத்துப்போனது. இருப்பது ஒரே பிரதி என்று போட்டிருந்தது. அம்மா மறந்துபோன அந்தப் பேச்சு ஏதோ ஓர் அலமாரியில் தாளாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

கோலாலம்பூருக்குப் போய்ப் படிக்க விடுமுறை கிடைக்காது. பொது நூலகத்தில் கேட்டுப் பார்த்தேன். முகப்பில் இருந்தவள் என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள், தலையில் கருநீலத் தூடோங் முக்காடு போட்டிருந்தாள். சிரிக்காமல் ஒரு படிவத்தை நீட்டினாள். வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தரலாம், அவர்கள் சம்மதித்தால். நாங்கள் பேசியதெல்லாம் மலாயில்தான். என்னை அவள் "கக்" என்று கூப்பிட்டாள், அக்கா என்பதுதான் அது. படிவத்தில் நான் தலைப்பைத் தமிழில் எழுதியிருந்ததைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகச் சொல்லச் சொல்லி ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டாள். அதில் மூன்று தடவை என்னைத் திருத்தச் சொன்னாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

ஆறு வாரம் கழித்து ஆய்வேடு வந்தது. நீலத் துணி அட்டை, பொன்னிற எழுத்து. அட்டையைச் சுற்றி ஒரு காகிதப் பட்டை, அதில் மலாயில் சிவப்பாக ஒரு வரி: நூலகத்துக்குள் வைத்துப் படிக்க மட்டும். மூன்று வாரத் தவணை. படம் எடுக்கமாட்டேன், நகல் எடுக்கமாட்டேன் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன், நல்ல நிலையில் திருப்பி அனுப்புவேன் என்று அவள் கையெழுத்துப் போட வேண்டும்.

"கைப்பேசியை மேசைமேல வைக்காதீங்க கக்," என்றாள். "என் ஒப்பந்தம் வருசா வருசம் டிசம்பர்ல புதுப்பிக்கணும். இந்தக் கையெழுத்துல ஏதாவது தப்பு வந்தா புதுப்பிக்கமாட்டாங்க."

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து தினமும் மோட்டாரில் வந்து, ஃபெர்ரி ஏறிக் கடலைத் தாண்டி இந்தத் தீவுக்கு வேலைக்கு வருகிறாள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். இரண்டு பிள்ளைகள், ஒன்று இன்னும் பால்குடி.

சனிக்கிழமைகளில் போய் அவள் பார்வை படும் மேசையில் உட்கார்ந்து படித்தேன். பழைய தட்டச்சு, யானைத் தும்பிக்கை வைத்த பழைய எழுத்துகள். பெண்களுக்குப் பெயர் போடவில்லை. பெண் ஒன்று, பெண் இரண்டு என்று இருபத்திரண்டு பேர். ஒவ்வொருத்தியும் அம்மாவாக இருக்கலாம் என்பதால் ஒருத்தியையும் தாண்டிப் போக முடியவில்லை. இரண்டு சனிக்கிழமையில் ஒன்பதாவது பெண்ணை முடித்தேன். ஒன்பது பேரில் அம்மா இல்லை. அது எனக்கு நிச்சயம், ஏனென்றால் ஒருத்திக்கும் அம்மாவின் வாய் இல்லை.

மூன்றாவது சனிக்கிழமை தொழிற்சாலையில் ஓவர்டைம். நூலகத்துக்குள் நுழைந்தபோது மூடுவதற்கு இருபது நிமிடம்தான் இருந்தது. திங்கட்கிழமை பத்து மணிக்குக் கூரியர்காரன் வந்து ஆய்வேட்டை எடுத்துப் போய்விடுவான். நான் மேசையில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறக்காமலே வைத்துக்கொண்டிருந்தேன். இருபது நிமிடத்தில் அவசரமாகப் புரட்டி அம்மாவைத் தேட எனக்கு மனம் வரவில்லை.

அவள் விளக்குகளை அணைத்துக்கொண்டே வந்தாள். என் முகத்தில் என்ன பார்த்தாளோ தெரியாது. காகிதப் பட்டையைக் கழற்றித் தன் மேசை இழுப்பறைக்குள் வைத்தாள். ஆய்வேட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டு என்னிடம் நீட்டினாள்.

"திங்கட்கிழமை ஒன்பது மணி. நான் கதவு திறக்கும்போது நீங்க வாசல்ல நிக்கணும்."

"புவான்," என்றேன், மலாயில் மேடம் என்பது போல. "இது..."

"நான் இதுவரைக்கும் செஞ்சதில்ல. சீக்கிரம் போங்க, யாராவது பார்க்கறதுக்கு முன்னால."

அன்று மாலை ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடி வீடு பூஜைக்காகத் தலைகீழாகக் கிடந்தது. தூசு தட்டும் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவைப் படிக்க வேண்டாம், ஞாயிறு காலை குளித்துவிட்டு நிதானமாக உட்காரலாம் என்று நினைத்தேன். ஞாயிறு காலை ஆறு மணிக்குத் தொழிற்சாலையிலிருந்து அழைப்பு வந்தது. தணிக்கைக்கு வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள், உடனே வா. ஆய்வேட்டைச் சாப்பாட்டு மேசையில், பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு ஓடினேன்.

மத்தியானம் கணவர் தொலைபேசியில் அழைத்தார். நான் தணிக்கையாளர் முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

"மேசையில இருக்கிற புத்தகம் எல்லாத்தையும் சாமி மேடையில வெச்சிரவா? அந்தப் பிளாஸ்டிக் பையில ஒண்ணு இருக்கே..."

"எல்லாத்தையும் வையுங்க லா. இதையெல்லாமா என்னைக் கேக்கணும்? மீட்டிங்ல இருக்கேன்."

இதைச் சொன்னது நான்தான். என் வாயால்தான் சொன்னேன். அப்புறம் நடந்ததைச் சொல்லும்போது இதை மறைத்துவிடக் கூடாது என்றுதான் முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

ஐந்து மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது சாம்பிராணி வாசனை. சாமி மேடையில் புத்தகங்கள் அடுக்காக இருந்தன. பக்கத்தில் மடிக்கணினி, கணவரின் ஸ்பானர், மோட்டார் சாவி, பிள்ளைகளின் கால்குலேட்டர். எல்லாவற்றுக்கும் சந்தனம், எல்லாவற்றுக்கும் குங்குமம். அடுக்கின் உச்சியில் ஆய்வேடு. பார்ப்பதற்குப் பழையதாக, மரியாதையாக இருந்ததால் அதைத்தான் உச்சியில் வைத்திருக்கிறார். நீல அட்டையின் நடுவில் பெரிதாக ஒரு சந்தனப் பொட்டு, அதன்மேல் ஈரம் காயாத குங்குமம்.

"யாரைக் கேட்டு இதுக்குப் பொட்டு வெச்சீங்க?"

"உன்னைத்தான் கேட்டேன்."

"இது லைப்ரரி புக்குங்க. நம்ம புக்கு இல்ல."

"புக்குதானே? சரஸ்வதிக்கு லைப்ரரின்னு தனியா இருக்கா?" என்றவர் நான் கையை நீட்டுவதைப் பார்த்தார். "எடுக்காத. நாளைக்குக் காலையில தீபம் காட்டிட்டு எடுக்கலாம். இன்னைக்கு வெச்ச புக்க இன்னைக்கே தொடக் கூடாது, உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். பூஜையில் வைத்த புத்தகத்தை விஜயதசமி காலைவரை தொடுவதில்லை. சின்ன வயதில் அந்த ஒரு நாளுக்காகவே எனக்குச் சரஸ்வதியைப் பிடிக்கும். ஆனால் அன்று என் கண்ணில் பட்டது இரண்டுதான், குங்குமமும் நூலகத்துக்காரி போட்ட கையெழுத்தும். ஆய்வேட்டை உருவினேன். மேலே வைத்திருந்த பூ சிதறியது. நேராகச் சமையலறைக்குப் போய் ஈரத் துணியால் அழுத்தித் துடைத்தேன்.

துடைக்கத் துடைக்கக் குங்குமம் பரவியது. பத்துக் காசு அளவு பொட்டு உள்ளங்கை அளவு ஆனது. மேலும் தண்ணீர் விட்டேன். சிவப்புத் தண்ணீர் அட்டையின் விளிம்பில் வழிந்து உள்ளே இறங்கியது. அட்டையைத் திறந்து பார்த்தால் முதல் பக்கம் ரோஜா நிறமாக ஊறிக்கொண்டிருந்தது. ஓரங்களெல்லாம் நனைந்து தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

கணவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கோபம் வந்திருக்கலாம், வரவில்லை. மெல்லச் சொன்னார்:

"அப்படியே விட்டிருந்தா நாளைக்குள்ள சந்தனம் காஞ்சிருக்கும். தட்டுனா குங்குமத்தோட சேர்ந்து உதிர்ந்திருக்கும் லா."

அவர் சொன்னது சரி. அவருடைய ஸ்பானரிலிருந்து மறுநாள் அப்படித்தான் உதிர்ந்தது. சாமி குத்தம் என்று சொல்வார்களே, அதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் தொடாதே என்ற ஒரு பேச்சைக் கேட்டிருந்தால் போதும், எல்லாம் சரியாக இருந்திருக்கும். அந்த எரிச்சலில் அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. தப்புச் செய்தவள் நான், பேசாமல் இருந்தவளும் நான்.

ஈரப் பக்கங்களைப் பிரித்தால் கிழியும், மூடியபடியே பாரம் வைத்துக் காயவிடு என்று இணையத்தில் எழுதியிருந்தது. டிஷ்யூ தாளில் சுற்றி, பத்துக் கிலோ அரிசி மூட்டையைத் தூக்கி மேலே வைத்தேன். பத்தாவது பெண்ணிலிருந்து இருபத்திரண்டாவது பெண்வரை எல்லோரும் அரிசிக்கு அடியில் இருந்தார்கள். வீட்டுக்குள் கொண்டுவந்தும் அம்மாவை ஒரு வரி படிக்கவில்லை.

திங்கட்கிழமை எட்டரைக்கே நூலக வாசலில் நின்றேன். அவள் ஹெல்மெட்டைக் கழற்றியபடி வந்து, என்னைப் பார்த்து முதன்முறையாகச் சிரித்தாள். நேரத்துக்கு வந்துவிட்டேன் என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை எனக்குத் தாங்கமுடியவில்லை. உள்ளே போனதும் பையிலிருந்து ஆய்வேட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

அட்டையைப் பார்த்தாள். திறந்து முதல் பக்கத்தைப் பார்த்தாள். அலையலையாகக் காய்ந்திருந்த ஓரங்களை விரலால் தடவினாள்.

"இது ரத்தமா?"

"இல்ல. குங்குமம். பூஜை."

எல்லாவற்றையும் சொன்னேன். கணவர்மேல் பழியைப் போடவில்லை, அந்த மட்டும் யோக்கியமாக நடந்துகொண்டேன். அவள் திருப்பி அனுப்பும் படிவத்தை எடுத்து, நிலை என்று இருந்த கட்டத்துக்கு மேல் பேனாவை வைத்தாள். பேனா நகரவில்லை.

"கறைன்னு எழுதணும்," என்றாள். "கறைன்னு எழுதினா எப்படின்னு கேப்பாங்க. நூலகத்துக்குள்ள இருந்த புத்தகத்துமேல எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க. நான் குடுத்தேன்னுதான் சொல்லணும்."

"சொல்லாதீங்க."

"பின்ன?"

படிவத்தின் கீழே வாசகரின் விளக்கம் என்று நாலு கோடு இருந்தது. படிவங்களோடுதான் எனக்குப் பிழைப்பு, எந்தக் கட்டத்தில் என்ன எழுதினால் யார் தலை தப்பும் என்று தெரியும். படிவத்தை என் பக்கம் திருப்பி மலாயில் எழுதினேன். அனுமதி இல்லாமல், ஊழியருக்குத் தெரியாமல், இந்த ஆய்வேட்டை என் பையில் போட்டு வெளியே எடுத்துச் சென்றேன். கறைக்கு நானே பொறுப்பு. அடையாள அட்டை எண்ணும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எழுதும்போது அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல்கிறேன், அவள் என்னைத் தடுப்பாள் என்று எதிர்பார்த்தேன். வேண்டாம் கக் என்று ஒரு வார்த்தை சொல்வாள், நான் வற்புறுத்துவேன் என்று நினைத்திருந்தேன். அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பால்குடிக் குழந்தை வைத்திருக்கிறவள் வேறு என்ன செய்வாள்? ஆனாலும் எனக்குள் கொஞ்சம் வலித்தது.

என் நூலக அட்டையை வாங்கிக்கொண்டாள். இனி வேறு நூலகத்திலிருந்து எனக்கு ஒன்றும் வரவழைக்க முடியாது என்று சொன்னாள், மேசையைப் பார்த்தபடி. பத்து மணிக்குக் கூரியர்காரன் வந்தான். அவன் உறையை எடுத்துக்கொண்டு படியிறங்கும்வரை நான் வெளியே நின்றேன். அம்மா சொன்னது என்னவென்று தெரியாமலே அது போய்விட்டது.

அதன் பிறகு அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. திருடி என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட இடத்துக்கு எந்த முகத்தோடு போவது? டிசம்பர் வந்தபோது மட்டும் அவளை நினைத்தேன். புதுப்பித்திருப்பார்களா என்று யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

தைப்பூசம் முடிந்த வாரம் கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. நூலகத்திலிருந்து. சனிக்கிழமை மூன்று மணிக்கு நேரில் வரவும். காரணம் எதுவும் எழுதவில்லை. பல்கலைக்கழகம் புகார் கொடுத்துவிட்டது என்று முடிவுகட்டிவிட்டேன். தொழிற்சாலைக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று மூன்று நாள் சோறு இறங்கவில்லை. கணவர் கூட வருகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அவள் அதே மேசையில் இருந்தாள். கழுத்தில் புது வருடத்து அடையாள அட்டை. என்னைக் கண்டதும் எழுந்து, நான் வழக்கமாக உட்காரும் மேசைக்குக் கூட்டிப்போனாள். அங்கே நீல அட்டை இருந்தது. நடுவில் என் உள்ளங்கை அளவு சிவப்பு, கொஞ்சம் வெளிறியிருந்தது. சுற்றிலும் காகிதப் பட்டை. இரவல் சீட்டில் வாசகர் பெயர் என்ற இடத்தில் இருந்தது அவளுடைய பெயர்.

"நான் வரவழைச்சேன். என் சொந்த வாசிப்புக்கு," என்றாள். "நூலகத்துக்குள்ள வெச்சுப் படிக்கணும். படிக்கறேன். ஆனா எனக்கு இந்த எழுத்துத் தெரியாது கக். சத்தமாப் படிச்சுக் காட்டறதுக்கு யாரையாவது கூப்பிடக் கூடாதுன்னு விதியில எங்கேயும் இல்ல. நான் தேடிப் பார்த்துட்டேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"பாச்சா," என்றாள். படி.

பத்தாவது பெண்ணிலிருந்து தொடங்கினேன். ஒரு பத்தி தமிழில் படிப்பேன், பிறகு மலாயில் சொல்வேன். அவள் கவனமாகக் கேட்டாள், சில இடங்களில் தலையை ஆட்டினாள். பதினைந்தாவது பெண்ணின் மூன்றாவது வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கேள்வி கேட்க வந்தவளையே அவள் கேள்வி கேட்டிருந்தாள். எட்டு மணி நேரம் மைக்ராஸ்கோப் பார்த்துவிட்டு வருகிறேன், நீ வந்து எனக்குக் கண் வலிக்கிறதா என்று கேட்கிறாய், நீ ஒரு நாள் பாரேன் என்று சொல்லியிருந்தாள். அம்மாவின் வாய். என் வாய்.

அந்தப் பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லின்மேல் வரிசையாகக் கோடு தட்டி அடிக்கப்பட்டிருந்தது. உற்றுப் பார்த்தால் அடியில் "சகித்துக்கொள்கிறோம்" என்று இருப்பது தெரிந்தது. அதற்கு மேலே சின்னதாக "வேறு வழி இல்லை" என்று தட்டச்சு செய்திருந்தார்கள். பக்கத்தின் அடியில் ஆய்வு செய்தவளின் குறிப்பு: இப்பெண்ணுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. தான் கூறியதை வாசித்துக் காட்டினாலன்றிக் கையெழுத்திட மாட்டேன் என்றார். வாசித்துக் காட்டினேன். "சகித்துக்கொள்கிறோம்னு நான் சொல்லல, வேற வழி இல்லன்னுதான் சொன்னேன், மாத்திப் போடு" என்றார். மாற்றினேன்.

இதை மலாயில் சொல்லத் தொடங்கி, பாதியில் முடியவில்லை. இருபது வயதில், படிக்கத் தெரியாத எழுத்தை இன்னொருத்தியைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, அதில் குறை கண்டுபிடித்துத் திருத்திவிட்டுத்தான் அம்மா கையெழுத்துப் போட்டிருக்கிறாள். என் முன்னால் உட்கார்ந்திருந்தவளும் படிக்கத் தெரியாத எழுத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். அழுகையை அடக்கப் பார்த்தேன், அடங்கவில்லை.

அவள் எழுந்து, இரண்டு கையாலும் ஆய்வேட்டை மெதுவாகத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"அழுங்க கக்," என்றாள். "ஆனா இதுமேல வேண்டாம். இந்தத் தடவை வாசகர் நான்."

முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவள் என் கையிரண்டும் காய்ந்திருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு ஆய்வேட்டைத் திரும்ப என் பக்கம் நகர்த்தி, பதினைந்தாவது பெண்ணை முதல் வரியிலிருந்து மறுபடி படிக்கச் சொன்னாள்.